மரம் ஈரத்துக்கு, இரும்பு சூட்டுக்கு

பங்குனி பிறந்து பத்து நாள் வெயில் அடித்தால் போதும், கட்டைவண்டியின் குரல் மாறிவிடும். மார்கழியில் ‘கடக் கடக்’ என்று கனத்து உருண்ட சக்கரம் இப்போது ‘லொட லொட’ என்று புலம்பும். வண்டிக்காரர் இறங்கி, சக்கரத்தை ஒரு கல்லால் தட்டிப் பார்ப்பார். சக்கரத்தைச் சுற்றிய இரும்புப் பட்டா இறுக்கமாக இருந்தால் மரமும் இரும்பும் சேர்ந்து ‘டங்’ என்று ஒரே ஒலி தரும். தளர்ந்திருந்தால் இரும்பு தனியாகக் கிணுங்கும். அந்தக் கிணுக்கத்தைக் கேட்டும் கேளாததுபோல் ஓட்டினால், சந்தைக்குப் போகிற வழியில் பட்டா கழன்று தன்பாட்டில் உருண்டு போய்ப் பள்ளத்தில் விழும். பின்னாலேயே வட்டை பிரியும், ஆரக்கால் முறியும்.

பட்டா ஏன் கழல்கிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் தயங்காமல் பதில் வரும்: சூடுபட்டால் இரும்பு விரியும். சரியான பதில்தான், ஆனால் பாதி வழிகூடப் போகாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சக்கரத்தின் உயரம் 5 அடி என்றால் சுற்றளவு ஏறத்தாழ 4.8 மீட்டர். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் இரும்பு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். விடியற்காலைக் குளிரிலிருந்து உச்சிவெயில் கொதிப்புக்கு 40 டிகிரி ஏறியது என்று வைத்தாலும் பட்டா நீள்வது 2.3 மில்லிமீட்டர்தான். அவ்வளவு பெரிய சக்கரத்தில் அது ஒரு பொருட்டில்லை. கள்ளன் வேறிடத்தில், மரத்துக்குள் இருக்கிறான்.

வெட்டிய பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கும். செல்களின் குழிக்குள் தேங்கியிருப்பது ஒன்று, செல் சுவர்களின் இழைகளுக்கு இடையே ஊறியிருப்பது மற்றொன்று. குழிக்குள் இருக்கும் நீர் போனால் மரத்தின் எடை குறையும், அளவு மாறாது. மரத்தின் உலர் எடையில் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்குகிறது, இழைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன, மரம் சுருங்குகிறது. அப்புறம் அது ஓய்வதே இல்லை. நன்றாகக் காய்ந்த மரம்கூடக் காற்றின் ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டேயிருக்கும். நம் ஊர்க் கோடையில் 8 சதவீதம் வரை இறங்கும், அடைமழையில் 15-ஐத் தொடும்.

இந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல இருப்பதில்லை. பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை பார்த்தால், மரம் நெடுகிலும் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே குறைகிறது. மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வண்டிச் சக்கரத்தின் எல்லாச் சிக்கலும் இந்த மூன்று எண்களுக்குள் அடங்கிவிடும்.

சக்கரத்தை அக்கக்காகப் பிரித்துப் போட்டால் கிடைப்பவை நான்கே வகைச் சாமான்கள். நடுவில் குடம். குடத்தின் துளைகளில் குத்தி நிற்கும் ஆரக்கால்கள். ஆரக்கால் நுனிகளைத் தன் துளைக்குள் வாங்கிக்கொண்டு வட்டமாகச் சுற்றி வரும் வட்டைகள். எல்லாவற்றையும் வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும் பட்டா. ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால் என்பது பரவலான கணக்கு. 6 வட்டைக்கு 12 கால், பெரிய சக்கரத்தில் 7 வட்டைக்கு 14 கால். பசை கிடையாது. திருகாணி கிடையாது. பட்டாவில் ஒன்றிரண்டு ஆணி அடித்திருந்தால் அது காவலுக்குத்தான், பாரம் தாங்க அல்ல.

இப்போது வெயில் அடிக்கிறது. ஆரக்காலில் மரநார் நீளவாக்கில் ஓடுவதால் அதன் நீளம் குறைவதே தெரியாது. வட்டையின் கதை அப்படியில்லை. அதன் நார் சக்கரத்தின் சுற்றோடு போகிறது. அதன் கனம் நாருக்குக் குறுக்கே இருக்கிறது. 10 சென்டிமீட்டர் கனமுள்ள வட்டை கோடையில் 2 சதவீதம் சுருங்கினால் 2 மில்லிமீட்டர். ஆரம் 2 மில்லிமீட்டர் குறைந்தால் சுற்றளவு 6.28 மடங்கு, அதாவது 12 மில்லிமீட்டருக்கு மேல் குறையும். குடமும் தன் பங்குக்குச் சுருங்கும், ஆரக்கால் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். இரும்பு 2 மில்லிமீட்டர் நீண்டது எங்கே, மரம் 12 மில்லிமீட்டர் விலகியது எங்கே! பட்டா கழல்வதற்கு இரும்பைக் குறை சொல்வது அநியாயம்.

குடத்துக்கு வரும் கேடு வேறு விதமானது. அதை அடிமரத்துத் துண்டிலிருந்து, மரத்தின் நடுக்கண் நடுவிலேயே இருக்கும்படி கடைந்தெடுப்பார்கள். வளையத்தை ஒட்டிய சுருக்கம் மையத்தை நோக்கிய சுருக்கத்தைப்போல் இரண்டு மடங்கு என்று பார்த்தோம் அல்லவா? உருண்டைக் கட்டையில் அதற்கு ஒரே விளைவுதான்: சுற்றளவு போதாமல் போகிறது, மையத்திலிருந்து வெளியே ஒரு வெடிப்பு ஓடுகிறது. குடத்தின் இரு தலையிலும் இரும்புப் பூண் ஏற்றுவது இதற்காகவே. பழைய சக்கரம் வாங்கப் போகிறவர் முதலில் பூணுக்கு அடியில் பார்க்க வேண்டும். மயிரிழை வெடிப்புகள் எல்லாக் குடத்திலும் இருக்கும், பயமில்லை. வெடிப்பு ஓர் ஆரக்கால் துளையிலிருந்து அடுத்த துளைக்குப் போயிருந்தால் அந்தக் குடம் அடுப்புக்குத்தான்.

இந்த ஈரத் தொல்லையை அடக்கத்தான் அந்தக் காலத்து ஆசாரிமார் மரத்தை வெட்டியதும் தொடமாட்டார்கள். கருவேலம், வாகை, பூவரசு போன்ற மரங்களைக் குளத்திலோ கிணற்றடித் தொட்டியிலோ மாதக்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு நிழலில் வருடக்கணக்கில் காயப்போடுவார்கள். காயவேண்டிய மரத்தை எதற்கு ஊறப்போட வேண்டும் என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றும். மரத்தின் வெளிப்பகுதியில் இருக்கும் மாவுச்சத்து தண்ணீரில் கரைந்தும் நொதித்தும் போய்விடுகிறது. பொடிவண்டு தேடி வருவது அந்த மாவுச்சத்தைத்தான். சாப்பாடு இல்லாத வீட்டில் அது முட்டையிடாது.

பட்டா ஏற்றும் காட்சியைக் காங்கயம் பக்கத்து ஊர் ஒன்றில் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அது அபூர்வம். பார்க்கக் கிடைத்தால் வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பார்க்கலாம். தரையில் ஒரு குழி தோண்டி, குடத்தின் மூக்கு அதற்குள் இறங்கும்படி சக்கரத்தைப் படுக்கப்போட்டிருந்தார்கள். அப்போதுதான் வட்டைகள் தரையில் சமமாகப் படியும். பத்தடி தள்ளி, கற்களின் மேல் பட்டாவை வைத்து, அடியிலும் மேலும் வரட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டியிருந்தார்கள். வரட்டி நிதானமாக, சுற்றிலும் ஒரே சீராக எரியும். விறகு ஒரு பக்கம் தூக்கி எரியும், மறுபக்கம் தூங்கும், பட்டா கோணிப்போகும்.

அளவெடுப்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. சக்கரத்தின் விளிம்பில் கரிக்கோடு ஒன்று போட்டு, இரும்புப் பட்டையின் மேலேயே சக்கரத்தை ஒரு சுற்று உருட்டி, கோடு திரும்ப வந்து தொட்ட இடத்தைக் குறித்துக்கொண்டார்கள். குறித்த இடத்தில் வெட்டவில்லை. முக்கால் அங்குலம் குறைத்துத்தான் வெட்டினார்கள். ஆறு வட்டைகளுக்கு இடையிலும் ஒரு நூலுக்குச் சற்றுக் குறைவாக, ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் இடுக்கு விட்டிருந்தார்கள்.

ஆசாரி ஒரு வேப்பங்குச்சியை எடுத்துப் பட்டாவில் தேய்த்தார். குச்சி புகைந்து, கருகி, எண்ணெய் தடவியதுபோல் வழுக்கியது. “போதும், தூக்குங்கப்பா.” இரும்பு செக்கச் சிவந்திருக்கவில்லை, நிழலில் பார்த்தால் மட்டும் ஒரு மங்கல் சிவப்பு. 5 அடிச் சக்கரத்தின் பட்டா 450 டிகிரி சூடேறினால் சுமார் ஒரு அங்குலம் நீளும். முக்கால் அங்குலம் குறைத்து வெட்டியாயிற்று. மிச்சமிருப்பது கால் அங்குலம். கால் அங்குலம் என்பது சுற்றளவில்தான். சக்கரத்துக்கும் பட்டாவுக்கும் இடையே சுற்றிலும் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டர் இருக்கும் சில விநாடிகளுக்குள் மூன்று பேர் நீளக் குறடுகளால் தூக்கி வந்து, சக்கரத்தின் மேல் இறக்கி, சம்மட்டியால் தட்டிப் படியவைத்தாக வேண்டும். இறங்கியதுமே மரம் பற்றிக்கொண்டு நெருப்பு எழுந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரே ஆவி மண்டலம். அதற்குள்ளிருந்து மடமடவென்று சத்தம் வந்தது. வட்டைகள் ஒன்றையொன்று நெருங்கி இடுக்குகள் மூடிக்கொள்ளும் சத்தம் அது.

ஆறு இடுக்கும் மூடியதில் 15 மில்லிமீட்டர் போயிற்று. குறைத்து வெட்டிய 19 மில்லிமீட்டரில் மிச்சம் 4. அதில் ஒரு பகுதியை மரம் நசுங்கி ஏற்றுக்கொள்கிறது, மீதியை இரும்பு இழுபட்டு ஏற்றுக்கொள்கிறது. இரும்பு 2.4 மில்லிமீட்டர் இழுபட்டிருக்கிறது என்று கொண்டால், அதாவது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, 40 மில்லிமீட்டர் அகலமும் 12 மில்லிமீட்டர் கனமும் உள்ள பட்டாவுக்குள் குடியிருக்கும் இழுவிசை 5 டன்னுக்குச் சமம். வண்டி காலியாக நின்றாலும், மாடு தொழுவத்தில் படுத்திருந்தாலும், அந்த 5 டன் இறுக்கம் இரவும் பகலும் ஆரக்கால்களைக் குடத்துக்குள் அழுத்திக்கொண்டேயிருக்கும்.

சைக்கிள் சக்கரம் இதற்கு நேர்மாறு. அதன் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டவை. தள்ளினால் வளைந்துவிடும், ஆகவே இழுவிசையில் மட்டுமே வேலை செய்யும். வண்டியின் மரக்கால்கள் அழுத்தத்தில் மட்டுமே வேலை செய்யும். இழுத்தால் துளையிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வோர் ஆரக்காலும் ஒரு தடவை அடிக்கு வந்து பாரம் தாங்கி, மறுபடி மேலே போகும். 20 கிலோமீட்டர் சந்தைப் பயணத்தில் இது நாலாயிரம் தடவைக்கு மேல் நடக்கிறது. பட்டா இறுக்கமாக இருந்தால் கால் எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கும், அழுத்தத்தின் அளவு மட்டும் கூடிக் குறையும். தளர்ந்துவிட்டால் நாலாயிரம் தடவையும் கால் துளைக்குள் மேலும் கீழும் குத்தும். துளையின் வாய் தேயும். ஒரு தடவை வாய் தேய்ந்த குடத்தைப் பிறகு எந்தப் பட்டாவாலும் காப்பாற்ற முடியாது.

தளர்ந்த சக்கரத்துக்கு ஊரறிந்த வைத்தியம் ஒன்று உண்டு: வாய்க்காலில் இறக்கு. இதைப் பற்றிப் பட்டறையில் நின்ற ஓர் இளவட்டம் கேட்டது நினைவிருக்கிறது.

“ஏனுங்க ஆசாரி, ஒரு ராத்திரி குளத்துல போட்டு வெச்சா இறுகிக்காதுங்களா?”

“இறுகுந்தம்பி. மறுவருசம் இதைவிட லொடலொடங்கும், பாத்துக்க.”

அவர் சொன்னது அட்சரம் பிசகாத அறிவியல். மரம் ஊறி உப்பும்போது சுற்றிலும் இரும்பு இருக்கிறது, உப்ப இடமில்லை. இடமில்லாமல் உப்பும் மரத்தின் செல் சுவர்கள் உள்பக்கமாக நசுங்குகின்றன. நசுங்கிய செல்கள் திரும்ப நிமிர்வதில்லை. தண்ணீர் வற்றியதும் மரம் ஊறுவதற்கு முன்பிருந்த அளவுக்கு வந்து நிற்காது, அதைவிடச் சிறுத்துவிடும். கோடாலிக் காம்பைத் தண்ணீரில் போட்டு இறுக்குகிறவர்களுக்கும் இதே கதிதான். குளத்து வைத்தியம் கந்துவட்டிக் கடன் மாதிரி, அன்றைய பாட்டைத் தீர்க்கும். அடுத்த கோடையில் வட்டியும் முதலுமாக வந்து நிற்கும். பாதிவழியில் பட்டா தளர்ந்து, வண்டியில் பாரமும் இருந்தால் ஊறப்போடுவதைத் தவிர வேறு வழியில்லை, போடத்தான் வேண்டும். பட்டாவுக்கும் வட்டைக்கும் நடுவே ஆப்பு அடிப்பது அதைவிட மோசம். ஆப்பு அடித்த இடத்தில் மட்டும் இறுக்கம் கூடி, மற்ற இடம் காற்றில் தொங்கும்.

சரியான மராமத்து என்றால் பட்டாவைக் கழற்றி, ஒரு துண்டு வெட்டியெடுத்து, மறுபடி ஒட்டி, காய்ச்சி ஏற்றுவதுதான். முன்பெல்லாம் இரண்டு முனையையும் உலையில் வெள்ளைச் சூட்டுக்குக் கொண்டுவந்து, மணல் தூவி, அடித்தே ஒட்டுவார்கள். மணல் இரும்புத் துருவோடு உருகிக் கண்ணாடிக் குழம்பாகி வெளியே வழிந்துவிடும். சுத்தமான இரும்பும் இரும்பும் சேரும். இன்றைக்கு வெல்டிங் பட்டறைக்குப் போனால் பத்து நிமிட வேலை. ஆனால் வெல்டிங்காரரிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: முனைகளைச் சாய்வாகத் தேய்த்து, கனம் முழுக்க நிரம்பும்படி வைக்கச் சொல்லுங்கள். மேலோட்டமாகப் பூசினால், 5 டன் இழுப்பு முதலில் சோதிப்பது அந்த இடத்தைத்தான்.

இனி குடத்தின் உள்ளே. குடத்துக்குள் வார்ப்பிரும்புப் புஷ் ஒன்று இறங்கியிருக்கும், அதற்குள் இருசு, அதாவது அச்சு. இந்த இடத்தில் மை போடாவிட்டால் மாடு இழுக்கத் திணறும் என்பது எல்லோரும் சொல்வது. இங்கும் கணக்கு வேறு பேசுகிறது. இருசின் ஆரம் 2 சென்டிமீட்டர், சக்கரத்தின் ஆரம் 76. உராய்வு எவ்வளவு இருந்தாலும் அது மாட்டின் கழுத்துக்குப் போய்ச் சேரும்போது 38-இல் ஒரு பங்காகிவிடுகிறது. மை போட்ட இருசில் ஒரு டன் பாரத்துக்குச் சுமார் 3 கிலோ இழுவை. வறண்ட இருசில் 10 கிலோ. வித்தியாசம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சேற்றுத் தடமும் மணலும் கேட்கும் இழுவை இதைவிடப் பன்மடங்கு. மையின் பெரிய உபகாரம் சக்கரத்துக்குத்தான். வறண்டு தேய்ந்த புஷ்ஷில் சக்கரம் பக்கவாட்டில் ஆடும். ஆடினால் நேர் அழுத்தத்துக்கென்று செய்த ஆரக்கால்கள் இடமும் வலமும் வளைபடும். மை போடாத வண்டியில் முதலில் சாவது ஆரக்காலின் அடிதான்.

வண்டி மை என்பது வைக்கோலை எரித்த கரியும் விளக்கெண்ணெயும் சேர்த்துக் குழைத்தது. தாவர எண்ணெய்களில் விளக்கெண்ணெயைப்போல் கெட்டியானது வேறில்லை. அதன் மூலக்கூறில் கூடுதலாக ஹைட்ராக்சில் தொகுதிகள் ஒட்டியிருப்பதால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், உலோகத்தையும் பிடித்துக்கொள்ளும். கனத்த பாரத்தில் நசுங்கினாலும் வழிந்து ஓடாது. முதல் உலகப் போரில் பறந்த சுழல் எஞ்சின் விமானங்களுக்கும் இதே எண்ணெயைத்தான் ஊற்றினார்கள். வைக்கோலில் மட்டும் ஒரு எச்சரிக்கை. கரியாக இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும். வெள்ளைச் சாம்பலாகும்வரை விட்டால் அதில் பெரும்பகுதி சிலிகா, அதாவது மணலின் சரக்கு. குழைத்த மையை இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் நரநரப்பு தெரியும். நரநரத்தால் அது மை இல்லை, அரம்.

உதிரிப் பாகம் தேடுவது என்ற தலைவலிக்கு இப்போது வருவோம். அது நமக்குப் புதிதில்லை. புறநானூற்றில் ஔவையார் குறுநில மன்னன் பொகுட்டெழினியைப் பாடும்போது, உப்பு வணிகர்கள் மேடு பள்ளத்தில் என்ன நேருமோ என்று அஞ்சி வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவதைச் சொல்கிறார். மாற்றுச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு போகவில்லை, அச்சைத்தான் கட்டியிருக்கிறார்கள். இது நல்ல பொறியியல். சக்கரம் கெடுவதற்கு முன் நாள்கணக்கில் சத்தம் போடும். மர அச்சு சொல்லிவிட்டு ஒடியாது. உருண்டைக் கட்டையின் வலிமை அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்றபடி மாறும். தேய்ந்து விட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வலிமை பாதியாகிவிடும். பார்வைக்கு நன்றாக இருக்கும் அச்சுதான் நடுக்காட்டில் கழுத்தறுக்கும்.

மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்றால் அது அந்த வண்டிக்கென்று செய்த அச்சாகத்தான் இருந்திருக்க வேண்டும். கட்டைவண்டியில் எந்தப் பாகமும் பொது அளவுக்குச் செய்யப்பட்டதில்லை. ஆரக்கால் அதன் துளைக்கு, துளை அந்தக் குடத்துக்கு, குடம் அன்றைக்குக் கிடைத்த மரத்துக்கு. உலகெங்கும் இதே முறைதான் இருந்தது. இங்கிலாந்தின் பார்ன்ஹாமில் பரம்பரை வண்டிப் பட்டறை நடத்திய ஜார்ஜ் ஸ்டர்ட் 1923-இல் தன் பட்டறையைப் பற்றி எழுதிய நூலில், வட்டாரத்து மண்ணுக்கும் பண்ணைக்கும் தக்கபடி வண்டியின் அளவுகள் மாறியதை விரிவாகச் சொல்கிறார். அமெரிக்காவில் இது சீக்கிரமே மாறியது. இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்டில் ஸ்டூட்பேக்கர் சகோதரர்கள் 1852-இல் தொடங்கிய பட்டறை பெரும் தொழிற்சாலையாக வளர்ந்தது. அங்கே மர அச்சின் நுனியில் மாட்டும் வார்ப்பிரும்புக் கூம்புகளை அங்குலக் கணக்கில், விட்டமும் நீளமும் சொல்லியே வாங்க முடிந்தது. அதனால் அங்கே பழைய பண்ணை வண்டியைப் புதுப்பிக்கிறவர் அளவைத் தேடுகிறார். நாம் ஆளைத் தேடுகிறோம்.

டயர் வண்டி வந்த பிறகு இந்தப் பாடு இங்கும் பாதி குறைந்தது. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி 1970-களில் மாட்டுவண்டியை ஒரு பெரிய பொருளாதார விஷயமாகவே எடுத்து ஆராய்ந்தார். பாரமும் அடியும் மாட்டின் கழுத்தில் இறங்காதபடி வண்டியை மாற்றியமைக்க வேண்டும் என்று வாதாடினார். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த வண்டிகளைவிட ஜீப், லாரிப் பழஞ்சாமான்களிலிருந்து ஊர்ப் பட்டறைகள் கட்டிய டயர் வண்டிகளே வேகமாகப் பரவின என்பது என் எண்ணம். காரணம் எளிது. பேரிங்கில் 6206 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 30 மில்லிமீட்டர். கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் போதும். எந்த ஊர்க் கடையிலும், எந்தக் கம்பெனிப் பெட்டியிலும் அதே 30 மில்லிமீட்டர்தான்.

மரச்சக்கரமே வேண்டும் என்கிறவர் என்ன செய்வது? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும், ஊர்ப்புறத்து வேப்பமரத்தடிகளிலும் சக்கரங்கள் கிடைக்கின்றன. விலைக்குப் போட்டியாக நிற்பவர்கள் உணவு விடுதிக்காரர்கள். அவர்களுக்கு அது சுவரில் சாத்த, கண்ணாடி போட்டு மேசையாக்க. வார்னிஷ் அடித்துப் பளபளக்கும் சக்கரத்தை வாங்காதீர்கள். வெடிப்பும் பொடிவண்டுத் துளையும் அதற்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு சக்கரமும் ஒரே உயரமா என்று நூல் பிடித்துப் பார்க்கிறார்கள். அது அவ்வளவு முக்கியமில்லை. கட்டைவண்டியில் இரண்டு சக்கரமும் தனித்தனியாகச் சுற்றுவதால் ஒரு அங்குல உயர வித்தியாசம் வண்டியை அரை டிகிரிகூடச் சாய்க்காது. பார்க்க வேண்டியது புஷ்ஷின் துளை, உங்கள் இருசுக்குப் பொருந்துகிறதா என்று. போவதற்கு முன் இருசின் இரண்டு முனைச் சுற்றளவையும் ஒரு அட்டையைச் சுருட்டிக் குறித்து, கையோடு எடுத்துப் போங்கள். கடையாணியைப் பற்றிக் கவலை வேண்டாம், அது எந்தக் கொல்லுப் பட்டறையிலும் அரைமணி வேலை.

மரம் கிடைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். குடத்துக்கு ஆகும் பருமனில் கருவேலம் இப்போது எளிதில் அகப்படுவதில்லை. ஊரெல்லாம் நாம் சபிக்கும் சீமைக்கருவேலத்துக்கு ஒரு நல்ல வார்த்தை இங்கே சொல்லியாக வேண்டும். அதன் நெருங்கிய உறவான மெஸ்கிட் மரத்தில் டெக்சாஸ்காரர்கள் வண்டிக் குடமும் வட்டையும் செய்திருக்கிறார்கள். ஈரத்துக்கு மிகக் குறைவாகச் சுருங்கும் மரங்களில் அது ஒன்று. நம்முடையதைக் கை கனம் வருவதற்குள் கரிமூட்டத்துக்கு வெட்டிவிடுகிறோம். பழைய வேலித் தறியிலோ குளக்கரையிலோ தப்பித்துப் பருத்த ஒன்று கிடைத்தால் ஆசாரியிடம் காட்டிப் பாருங்கள். முகம் சுளிப்பார், பிறகு கொத்திப் பார்ப்பார்.

ஆசாரி எங்கே என்று கேட்டால், ரேக்ளா என்னும் மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும் ஊர்ப்பக்கம் விசாரிக்கச் சொல்வேன். 2014-இல் பந்தயத்துக்கு உச்ச நீதிமன்றத் தடை வந்தபோது ரேக்ளா வண்டி செய்யும் பட்டறைகளும் முடங்கின. 2017-இன் தமிழகச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பந்தயம் மீண்டது, 2023-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றது. ரேக்ளா வண்டி பாரவண்டியின் பாதிகூட இல்லை. ஆனால் மரச்சக்கரத்தின் நெளிவு சுளிவு தெரிந்த கை அங்கே இன்னும் கிடைக்கும்.

ஆள் கிடைத்து, மரமும் கிடைத்து, பட்டா ஏற்ற நாள் குறிக்கும்போது ஐப்பசி கார்த்திகை வேண்டாம். ஈரம் குடித்து உப்பிய வட்டையின் மேல் என்னதான் இறுக்கி ஏற்றினாலும் சித்திரையில் லொடலொடத்துவிடும். பங்குனி கழியட்டும். மரம் தன் கடைசிச் சொட்டு ஈரத்தையும் விட்டுக்கொடுத்துச் சிறுத்திருக்கும் நாளில் ஏற்றினால், அதன் பிறகு வரும் எல்லாப் பருவமும் பட்டாவை இறுக்கத்தான் செய்யும். அதற்காக முக்கால் அங்குலத்தை ஒரு அங்குலமாக்கச் சொல்லி ஆசாரியை நெருக்காதீர்கள். கோடையில் ஏற்றும் பட்டாவுக்கு அவர் அரை அங்குலம்தான் குறைப்பேன் என்பார். மிச்சத்தை ஐப்பசி மழை இறுக்கிக்கொள்ளும்.